புகையை விட்டவருக்கு டீக்கடையில் ஆபத்து!

பீடி, சிகரெட்டை விட்டுவிட வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் ஏராளம்.

பொங்கல் அன்று விடுகிறார்கள். குழந்தை பிறந்த அன்று விடுகிறார்கள். டாக்டர் மிரட்டிய அன்று விடுகிறார்கள்.

ஆனால், பல பேர் ஒரு வாரம் கூடத் தாண்டுவது இல்லை.

யாருடைய துணையும் இல்லாமல் புகையை விடுகிறவர்களில் பெரும்பாலோர், முதல் 8 நாட்களுக்குள் மறுபடியும் பிடிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். ஆராய்ச்சியில் கண்ட உண்மை இது.

"அவனுக்கு மன உறுதி கிடையாது" என்று ஊர் பேசுகிறது. அவரும் அப்படியே நம்பிவிடுகிறார். வெட்கப்படுகிறார். அடுத்த முயற்சியையே கைவிட்டு விடுகிறார்.

அவர் வழுக்கி விழுந்த இடம் எது என்று கேட்டால் விஷயம் புரியும். டீக்கடை வாசல், பஸ் நிலையம், கல்யாண வீட்டுக் கொல்லைப்புறம், மதுக்கடை!

அந்த இடங்களுக்குப் போகாமல் இருந்திருந்தால்?

தப்பி இருப்பார்!

மாலை போட்டவர்கள்

சபரிமலைக்கு மாலை போடுகிறவர்களைப் பார்த்தால் இது விளங்கும்.

ஒரு நாளைக்கு 2 கட்டு பீடி குடிப்பவர், மாலை போட்டதும் 41 நாள் அதைத் தொடாமல் இருந்துவிடுகிறார். மலைக்குப் போய்வந்து மாலையைக் கழற்றிய மறுநாள், வாயில் பீடி!

41 நாள் இருந்த உறுதி ஒரே நாளில் எங்கே போயிற்று?

விரத நாட்களில் அவருடைய வாழ்க்கையே மாறி இருந்தது. விடியுமுன் எழுந்தார். குளித்தார். வீட்டில் சாப்பிட்டார். மதுவைத் தொடவில்லை. பழைய கூட்டாளிகள் கூட, "சாமி" என்று அழைத்து ஒதுங்கி நின்றார்கள். பீடியை நீட்டுவதற்கு ஆள் இல்லை.

மாலையைக் கழற்றியதும், பழைய டீக்கடை, பழைய பெஞ்சு, பழைய கூட்டம். கை தானாகச் சட்டைப் பைக்குப் போய்விட்டது.

வெளிநாட்டிலும் இதே போன்ற ஒன்றைக் கண்டிருக்கிறார்கள். வியட்நாம் போரின்போது, அங்கு இருந்த அமெரிக்க சிப்பாய்களில் சுமார் 5 பேருக்கு ஒருவர் ஹெராயின் போன்ற போதைப் பொருளுக்கு அடிமை ஆகி இருந்தார். 1971-ம் ஆண்டு நாடு திரும்பிய சிப்பாய்களை, லீ ராபின்ஸ் என்ற அம்மையார் ஆராய்ந்தார். அடிமையாக இருந்தவர்களில், ஊர் திரும்பிய முதல் ஆண்டில் மறுபடியும் அடிமை ஆனவர்கள் 100-க்கு 5 பேர்தான்!

இதற்குக் காரணங்கள் பல. இடமும், கூட்டாளிகளும் மாறியது அவற்றில் முக்கியமானது.

மூளை போடும் முடிச்சு

இடத்துக்கு ஏன் இவ்வளவு சக்தி?

புகையை இழுத்ததும், அதில் உள்ள நிகோடின் சுமார் 10 விநாடியில் மூளைக்குப் போய்ச் சேருகிறது. ஒரு சுகம் உண்டாகிறது. அந்த நேரத்தில் சுற்றிலும் என்ன இருக்கிறதோ, அதை எல்லாம் மூளை சேர்த்து முடிச்சுப் போட்டுக்கொள்கிறது. டீயின் மணம், பஸ்சுக்குக் காத்திருப்பது, சாப்பிட்டுக் கை கழுவுவது, நண்பனின் சிரிப்பு எல்லாமே அந்த முடிச்சில் வந்துவிடுகின்றன.

ரஷிய விஞ்ஞானி பாவ்லோவ் நாய்களை வைத்து இதைக் காட்டினார். ஒரு ஒலியைக் கேட்கச் செய்து, உடனே தீனி கொடுத்தார். பல தடவை இப்படிச் செய்தார். பிறகு, தீனி இல்லாமல் ஒலியை மட்டும் எழுப்பினார். அப்போதும் நாய்க்கு எச்சில் ஊறியது!

புகை பிடித்தவருக்கு டீக்கடைதான் அந்த ஒலி.

புகையை விட்டதும் கோபம் வரும். தூக்கம் கெடும். பசி எடுக்கும். மனம் தவிக்கும். முதல் 3 நாட்களில் இது உச்சத்தில் இருக்கும். பிறகு, 2 முதல் 4 வாரங்களில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துவிடும்.

ஆகவே, முதல் ஒரு மாதம் ஒதுங்கி இருக்க வேண்டிய காலம். காய்ச்சலில் கிடப்பவன் பயில்வானை மல்லுக்கு அழைப்பானா? "எதிரே வைத்தாலும் தொட மாட்டேன்" என்று வீரம் பேசுவதும் அதே போன்றதுதான்.

குறித்து வையுங்கள்

ஆபத்தான இடம் எல்லோருக்கும் ஒன்று அல்ல. அதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது.

விடுவதற்கு முன்பு, 3 நாள் ஒரு நோட்டில் குறிக்க வேண்டும். எத்தனை மணிக்கு, எந்த இடத்தில், யாருடன் பிடித்தது என்று ஒவ்வொன்றையும் எழுத வேண்டும். எழுதத் தெரியாதவர், பள்ளியில் படிக்கும் பிள்ளையிடம் சொல்லி எழுதச் சொல்லலாம்.

3 நாளில் உண்மை வெளிவந்துவிடும். பெரும்பாலோருக்கு அது கீழே கண்டபடிதான் இருக்கும்.

காலையில்

"பீடி பிடிக்காவிட்டால் எனக்கு வெளிக்கே போகாது" என்பார்கள். முதல் சில நாள் மலச்சிக்கல் வருவது உண்மைதான். எழுந்ததும் ஒரு செம்பு வெந்நீர், இரவில் ஒரு வாழைப்பழம், சாப்பாட்டில் கீரை. வயிறு தானாக வழிக்கு வந்துவிடும்.

டீக்கடை

முதல் ஒரு மாதம் டீயை வீட்டிலேயே குடிக்க வேண்டும். வேலை இடத்துக்குப் பிளாஸ்கில் கொண்டு போகலாம்.

இதில் இன்னொரு சங்கதியும் உண்டு. புகையை விட்டவர் உடம்பில், டீ, காபியில் உள்ள காபின் முன்பைவிட அதிக நேரம் தங்கும். வழக்கமான அளவு குடித்தால் படபடப்பு வரலாம். அதைப் "பீடி இல்லாத குறை" என்று தவறாக நினைத்துவிடுவார்கள். டீயின் அளவைப் பாதியாகக் குறைப்பது நல்லது.

பெட்டிக்கடை

தெரு முனையில் உள்ள கடைக்காரர், ஆளைப் பார்த்ததுமே, "அண்ணே, வழக்கமானதுதானே?" என்று எடுத்து நீட்டுவார். கயிற்றில் லைட்டர் தொங்கும். வேண்டாம் என்று சொல்ல நாக்கு எழாது.

வேறு தெரு வழியாகப் போக வேண்டும். 5 நிமிடம் அதிகம் ஆகும். ஆகட்டுமே!

சில்லறையாக ஒன்று, இரண்டு வாங்கும் பழக்கம் உள்ளவர், கையில் சில்லறை வைத்துக்கொள்ளக் கூடாது.

சாப்பிட்ட பிறகு

கை கழுவியதும் திண்ணையில் உட்கார்ந்தால் கை துழாவும். உட்காரக் கூடாது. பல் துலக்கலாம். ஏலக்காய், கிராம்பு, சோம்பு என்று எதையாவது வாயில் போட்டுக்கொண்டு, தெருவில் நடக்கலாம்.

பீடிக்குப் பதிலாகப் புகையிலை போடுவது, ஒரு கிணற்றில் இருந்து ஏறி இன்னொரு கிணற்றில் விழுவதுதான். அதிலும் நிகோடின் உண்டு. வெறும் பாக்கும் ஆகாது. பாக்கு, புற்றுநோய் உண்டாக்கும் பொருள்.

மது

எல்லாவற்றிலும் பெரிய கண்ணி இது. ஒரு மிடறு உள்ளே போனால், எடுத்த முடிவு மறந்துபோகும். பக்கத்தில் இருப்பவர் பெட்டியை நீட்டுவார். முதல் ஒரு மாதம் மது இருக்கும் இடத்தில் நிற்கவே கூடாது.

கல்யாணம், துக்கம்

போகாமல் இருக்க முடியாது. ஆனால், வாசலில் ஆண்கள் கூட்டமாக நின்று புகை விடும் இடத்துக்குப் போகாமல் இருக்க முடியும். பெரியவர்கள், குழந்தைகள் பக்கத்தில் உட்காரலாம். காரியம் முடிந்ததும் கிளம்பி விடலாம்.

நண்பர்கள்

"மாப்பிள்ளே, ஒரே ஒரு தம்!" என்பார் நண்பர். அவரைப் பகைக்க வேண்டாம். முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். "நான் விட்டுவிட்டேன். ஒரு மாதம் எனக்கு நீட்டாதே. என் எதிரில் பிடிக்காதே."

நல்ல நண்பர் கேட்பார். கேட்காதவரை ஒரு மாதம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம்.

5 நிமிடப் புயல்

எவ்வளவுதான் ஒதுங்கினாலும், சில நேரம் ஆசை திடீர் என்று தாக்கும்.

பயப்பட வேண்டாம். அது சில நிமிடம்தான் இருக்கும். பீடி பிடித்தாலும், பிடிக்காவிட்டாலும் போய்விடும். அந்த 5, 10 நிமிடத்தை ஓட்டிவிட வேண்டும்.

உடனே அந்த இடத்தைவிட்டு நகர வேண்டும். ஒரு தம்ளர் தண்ணீரை மெதுவாகக் குடிக்க வேண்டும். வீட்டுக்குப் போன் செய்து பேச வேண்டும். கைக்கு ஏதாவது வேலை கொடுக்க வேண்டும்.

தாங்க முடியாதவர்கள் டாக்டரைக் கேட்டு, நிகோடின் உள்ள மருந்து மிட்டாயை மெல்லலாம். இலவசமாக ஆலோசனை சொல்ல மத்திய அரசின் டெலிபோன் சேவையும் உண்டு. எண்: 1800-11-2356.

வீட்டார் செய்ய வேண்டியது

புகையை விட்டவருக்கு வீடுதான் கோட்டை. அதில் ஓட்டை இருக்கக் கூடாது.

சட்டைப் பை, தலையணை அடி, பரண், வண்டிப் பெட்டி எல்லாவற்றையும் சோதித்து, பீடி, தீப்பெட்டி, லைட்டர், சாம்பல் கிண்ணம் ஆகியவற்றை அப்புறப்படுத்த வேண்டும். படுக்கை விரிப்பையும், சட்டைகளையும் துவைத்துப் போட வேண்டும். பழைய நெடி கூட ஆசையைக் கிளப்பும்.

மகனைக் கடைக்கு அனுப்பிப் பீடி வாங்கும் வழக்கம் சில வீடுகளில் உண்டு. 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்குப் புகையிலைப் பொருள் விற்பது சட்டப்படி குற்றம். அந்தப் பிள்ளையே நாளைக்குப் பற்ற வைப்பான்.

முதல் வாரம் அவர் சிடுசிடு என்று இருப்பார். சாப்பாட்டில் உப்பு இல்லை என்று கத்துவார். மனைவி பொறுத்துக்கொள்ள வேண்டும். வாயை மோந்து பார்ப்பதும், "எத்தனை நாளைக்கு இந்த வேஷம்?" என்று கேட்பதும் கூடாது. பணச் சண்டையை ஒரு மாதம் தள்ளி வைக்கலாம்.

"என்னங்க, இன்றோடு 10 நாள் ஆச்சு!" என்று ஒரு வார்த்தை சொன்னால், அது பெரிய பலம்.

வழுக்கிவிட்டால்?

ஒரு பீடி பிடித்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். "எல்லாம் போச்சு" என்று கட்டையே வாங்கிவிடக் கூடாது. மிச்சத்தைத் தூர எறிய வேண்டும். எந்த இடத்தில் வழுக்கியது என்று நோட்டில் எழுத வேண்டும். மறுநாள் அந்தப் பக்கம் போகாமல் இருக்க வேண்டும்.

பல தடவை முயன்று, பிறகு வென்றவர்கள்தான் அதிகம்.

எப்போது திரும்பிப் போகலாம்?

ஆயுள் முழுவதும் டீக்கடைக்குப் போகாமல் இருக்க வேண்டியது இல்லை. ஒரு மாதம் கழிந்ததும், ஒவ்வொரு இடமாகப் போய்ப் பார்க்கலாம். முதல் தடவை தனியாகப் போகக் கூடாது. புகை பிடிக்காத ஒருவரை அழைத்துக்கொண்டு போய், டீயைக் குடித்ததும் திரும்பிவிட வேண்டும். பீடி இல்லாமல் டீ குடிக்கக் குடிக்க, பழைய முடிச்சு தளர்ந்துகொண்டே வரும். மதுக்கடையை மட்டும் கடைசி வரை ஒதுக்குவதே நல்லது.

மாலையைக் கழற்றுகிறவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். கடினமான 41 நாளை அவர்கள் ஏற்கனவே தாண்டிவிட்டார்கள். பழைய பெஞ்சில் போய் உட்காராமல் இருந்தால், அந்த வெற்றி நிலைத்துவிடும்.

இத்தனை பாடும் எதற்கு?

இங்கிலாந்தில் டாக்டர்களையே 50 ஆண்டு தொடர்ந்து கவனித்து நடந்த ஆராய்ச்சியின் முடிவு, 2004-ம் ஆண்டு வெளிவந்தது. விடாமல் புகை பிடித்தவர்கள், பிடிக்காதவர்களைவிடச் சராசரி 10 ஆண்டு முன்னதாக இறந்தார்கள். 60 வயதில் விட்டவர்கள் 3 ஆண்டு ஆயுளைத் திரும்பப் பெற்றார்கள். 50 வயதில் விட்டவர்கள் 6 ஆண்டு பெற்றார்கள். 40 வயதில் விட்டவர்கள் 9 ஆண்டு பெற்றார்கள்!

9 ஆண்டு என்றால், ஒரு மகளின் கல்யாணத்தைப் பார்க்கலாம். பேரனைப் பள்ளிக்கூடத்துக்குக் கைபிடித்து அழைத்துப் போகலாம்.

அதற்கு, ஒரு மாதம் சுற்று வழியில் வீட்டுக்குப் போனால் என்ன?