அனுப்பிட்டா சேமிச்ச மாதிரி ஆகுமா?

"ஸ்டோரேஜ் ஃபுல்"னு நோட்டிஃபிகேஷன் வந்ததும் கேலரிக்குள்ள போய் கண்ணில் பட்டதை எல்லாம் அழிக்கிற ஆளா நீங்க? அப்போ இந்த எபிசோட் உங்களுக்குத்தான்.

முதல்ல தரமணியிலிருந்தே ஒரு உதாரணம் சொல்றேன். இங்கே ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம்னு ஒண்ணு இருக்கு. கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் சேர்த்து வைத்த பழைய தமிழ்ப் புத்தகங்கள், பத்திரிகைகள், நாடக நோட்டீஸ்கள்தான் அதுக்கு அடித்தளம். 1994-ல் தொடங்கின இந்த நூலகத்தோட முக்கியமான வேலைகளில் ஒண்ணு நகல் எடுக்கிறது. காகிதம் நொறுங்கிப் போறதுக்குள்ள மைக்ரோஃபிலிம்ல ஒரு நகல், அப்புறம் டிஜிட்டல்ல ஒரு நகல். ஒரே ஒரு பிரதி இருக்கிற எதுவும் பத்திரமா இல்லைங்கிறதுதான் இதுக்குப் பின்னாடி இருக்கிற கணக்கு. உங்க போன்ல இருக்கிற பாட்டியோட குரலுக்கும் அதே கணக்குதான்.

சரி, நகல் எடுக்கிறது எப்படி?

வாட்ஸாப்ல போட்டோவா அனுப்பினா, அது அளவைச் சுருக்கித்தான் அனுப்பும். பார்க்க நல்லா இருக்கும், ஆனா பிரிண்ட் போட்டா பல்லிளிக்கும். அதையே 'டாக்குமென்ட்'டா இணைச்சு அனுப்பினா அசல் அப்படியே போகும். 2022-லிருந்து ஒரு ஃபைல் 2 ஜிபி வரைக்கும் இருக்கலாம்.

பக்கத்தில் இருக்கிறவங்களுக்கு அனுப்ப டேட்டாவே வேண்டாம். முன்னாடி எல்லார் போன்லயும் ஷேர்இட், ஜெண்டர் இருந்தது. 2020 ஜூன் 29-ல் மத்திய அரசு தடை செய்த 59 செயலிகளில் அந்த ரெண்டும் உண்டு. இப்போ ஆண்ட்ராய்டுலயே க்விக் ஷேர் இருக்கு. ப்ளூடூத் பக்கத்து போனைக் கண்டுபிடிக்கும்; பெரிய ஃபைலைச் சுமந்துட்டுப் போறது வைஃபை. ரெண்டு ஐபோனுக்கு இடையில்னா ஏர்டிராப்.

லேப்டாப்புக்கு மாத்தணும்னா கேபிள் போதும். சொருகினதும் வெறும் சார்ஜ்தான் ஏறுதா? மேலிருந்து நோட்டிஃபிகேஷனை இழுத்து, யுஎஸ்பி அமைப்பில் 'ஃபைல் டிரான்ஸ்ஃபர்' தேர்ந்தெடுங்க. அப்பவும் வரலைன்னா, அது சார்ஜுக்கு மட்டுமே ஆன கேபிளா இருக்கலாம். இங்கே 'கட்' பண்ணாதீங்க, 'காப்பி' பண்ணுங்க. நகர்த்துறப்போ பாதியில் கேபிள் கழண்டா சிக்கல். நகல் எடுக்கிறப்போ கழண்டா அசல் போன்லயே இருக்கும்.

அடுத்தது கூகுள் போட்டோஸ். பேக்கப் ஆன படத்தை அந்தச் செயலிக்குள்ள போய் அழிச்சா போன்லயும் போயிடும், கிளவுட்லயும் போயிடும். போன்ல மட்டும் இடம் காலியாகணும்னா 'ஃப்ரீ அப் ஸ்பேஸ்' இருக்கு. தவறி அழிச்சிட்டா, பேக்கப் ஆனது குப்பைத்தொட்டியில் 60 நாள் இருக்கும். இலவச இடம் 15 ஜிபிதான். ஜிமெயிலும் டிரைவும் அதுக்குள்ளேயே அடக்கம்.

கடைசியா, வரிசையை மட்டும் மாத்தாதீங்க: நகல் எடுங்க, இன்னொரு இடத்தில் திறந்து பாருங்க, அப்புறம் அழிங்க. குரல் பதிவுன்னா கடைசி வரைக்கும் ஓட விட்டுக் கேளுங்க. பழைய போனை எக்ஸ்சேஞ்சில் கொடுக்கிறதுக்கு முன்னாடி கண்டிப்பா இதைச் செய்யுங்க. கடைக்காரர் ரீசெட் பண்ண ஒரு நிமிஷம்தான் ஆகும், அதுக்கப்புறம் எதையும் திரும்ப எடுக்க முடியாது.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.