எச்.ஐ.வி: டெஸ்ட் இலவசம், மாத்திரையும் இலவசம்... ஆனா கையைப் பிடிச்சு கூட்டிட்டு வர்றது யாரு?

அரசு மருத்துவமனைகளில் எச்.ஐ.வி பரிசோதனை இலவசம். சிகிச்சையும் இலவசம். ஆனாலும், நம்பிக்கை மையத்தின் வாசல் வரை வந்துட்டு திரும்பிப் போறவங்க இருக்காங்க. 'தெரிஞ்சவங்க யாராவது பார்த்துட்டா?' என்ற பயம்தான் காரணம். இந்தப் பயத்துக்கு மாத்திரை கிடையாது. இங்கேதான் சமூக அமைப்புகளின் பங்கு தொடங்குகிறது.

1986-ல் நடந்தது என்ன?

இந்தியாவில் முதன்முதலில் எச்.ஐ.வி கண்டறியப்பட்டது சென்னையில்தான். சென்னை மருத்துவக் கல்லூரி பேராசிரியர் சுனிதி சாலமனும், அவரது மாணவி நிர்மலாவும் 1986-ல் இதைக் கண்டறிந்தனர். பாலியல் தொழிலில் ஈடுபட்டதாகப் பிடிபட்டு, காப்பகத்தில் இருந்த பெண்களின் ரத்த மாதிரிகளில் கிருமி இருப்பது தெரியவந்தது.

அந்தப் பெண்களை 'நோயைப் பரப்புறவங்க' என்றே பலரும் பார்த்தார்கள். பழி சுமத்தினால் என்ன ஆகும்? பாதிக்கப்பட்டவர்கள் ஒளிந்துகொள்வார்கள். ஒளிந்திருப்பவருக்கு எப்படி சிகிச்சை கொடுப்பது?

மாற்றம் எப்படி வந்தது?

1994-ல் தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டு சங்கம் உருவானது. தொண்டு நிறுவனங்களுடன் சேர்ந்து லாரி டிரைவர்கள், பாலியல் தொழிலாளர்கள், திருநங்கைகள் எனப் பலரிடமும் விழிப்புணர்வு கொண்டு செல்லப்பட்டது. 1998-ல், நாமக்கல்லைச் சேர்ந்த கௌசல்யா உள்ளிட்ட, எச்.ஐ.வி உள்ள பெண்களே ஒன்றுசேர்ந்து சென்னையில் 'பாசிட்டிவ் விமன் நெட்வொர்க்' அமைப்பைத் தொடங்கினர்.

களத்தில் என்ன செய்கிறார்கள்?

பாலியல் தொழிலாளியிடம் பேசுவது இன்னொரு பாலியல் தொழிலாளி. திருநங்கையிடம் பேசுவது இன்னொரு திருநங்கை. அவர்களே ஆணுறை கொடுக்கிறார்கள், பரிசோதனைக்கு உடன் வருகிறார்கள். 'பாசிட்டிவ்' என்று முடிவு வந்தால், ஏ.ஆர்.டி மையத்துக்கும் கூட்டிச் செல்கிறார்கள்.

மாத்திரை வாங்க வராதவரை வீடு தேடிப் போய், அக்கம்பக்கத்துக்குத் தெரியாமல் விசாரிப்பதும் இவர்களின் வேலைதான். ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும்? மருந்தை நிறுத்தினால் உடலில் கிருமி மீண்டும் பெருகும். தொடர்ந்து சாப்பிட்டு, ரத்தத்தில் கண்டறிய முடியாத அளவுக்குக் கிருமி குறைந்துவிட்டால், உடலுறவு மூலம் அது மற்றவருக்குப் பரவாது.

சட்டம் என்ன சொல்கிறது?

2017-ல் நிறைவேற்றப்பட்ட எச்.ஐ.வி, எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம், 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் உள்ளது. இதன்படி, எச்.ஐ.வி இருப்பதைக் காரணம் காட்டி வேலை, பள்ளி, சிகிச்சை, வாடகை வீடு என எதிலும் பாகுபாடு காட்டக்கூடாது. சம்மதம் இல்லாமல் பரிசோதிக்கவும் கூடாது.

ஆனால், 'வீடு காலி பண்ணுங்க' என்று சொல்லும் நேரத்தில், சட்டத்தை எடுத்துச் சொல்ல பக்கத்தில் ஒரு ஆள் வேணும். அன்று யாரைக் கண்டு ஊர் ஒதுங்கியதோ, இன்று அந்த ஆளாக நிற்பது அவர்கள்தான்.

சந்தேகம் இருந்தால், 1097 என்ற இலவச உதவி எண்ணை அழைக்கலாம். உங்கள் விவரங்கள் ரகசியமாக வைக்கப்படும்.