ஆசிரியர் தொழிலாளரா? கூட்டுப் பேரமும் நம் பள்ளிகளும்

கோவாவில் கரன்சாலேம் என்னும் ஊர். அங்கே பிரான்சிஸ்கன் அருள்சகோதரிகள் நடத்திய பள்ளியில் பணியாற்றிய ஆசிரியை ஒருவரை நிர்வாகம் 1975ஆம் ஆண்டு ஏப்ரலில் பணிநீக்கம் செய்தது. அவர் தொழிலாளர் துறையிடம் முறையிட்டார். சமரசப் பேச்சு பலனளிக்கவில்லை. பிரச்சினையைத் தீர்ப்பாயத்திற்கு அனுப்பியிருக்க வேண்டிய அரசு, ஆசிரியை என்பவர் சட்டப்படி தொழிலாளர் அல்லர் என்று சொல்லி அனுப்ப மறுத்துவிட்டது. உயர் நீதிமன்றமும் அதையே சொன்னது. இறுதியாக 1988 ஜூலையில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. சட்டம் படிப்போர் சுந்தராம்பாள் வழக்கு என்று குறிப்பிடுவது இதைத்தான்.

இந்தத் தீர்ப்பில் ஒரு விநோதம் உண்டு. 1978இல் பெங்களூர் குடிநீர் வாரிய வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு, கல்வி நிறுவனமும் ஒரு 'தொழில்' தான் என்று கூறிவிட்டது. ஆகவே பள்ளி தொழிற்கூடம். அதன் அலுவலக எழுத்தர் தொழிலாளர். ஆனால் வகுப்பறையில் நிற்கும் ஆசிரியர் மட்டும் தொழிலாளர் அல்லர்! காரணம் என்ன? ஆசிரியர் செய்வது உடலுழைப்பு அல்ல, எழுத்தர் வேலை அல்ல, தொழில்நுட்ப வேலையும் அல்ல. பிள்ளைகளின் குணத்தை உருவாக்கும் உன்னதமான அழைத்தல் என்பது நீதிமன்றத்தின் விளக்கம். அழைத்தல் என்ற சொல் நம் காதுக்கு இனிமையானது. குருவுக்கும் துறவிக்கும் பயன்படுத்தும் சொல்லை ஆசிரியருக்கும் கொடுத்தார்கள். ஆனால் அந்தப் பெருமையைக் கொடுத்த அதே வேளையில், வேலை பறிபோனால் தட்டுவதற்கு இருந்த ஒரு கதவையும் அடைத்துவிட்டார்கள். ஆசிரியர்களுக்கெனத் தனி ஏற்பாட்டைச் சட்டமன்றங்கள்தாம் செய்ய வேண்டும் என்றது நீதிமன்றம். 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டத்தின் இடத்தில் 2025 நவம்பர் 21 முதல் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்துள்ளது. அதில் தொழிலாளர் என்னும் விளக்கத்துக்குள் பத்திரிகையாளரும் விற்பனை மேம்பாட்டு ஊழியரும் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள். ஆசிரியர் பெயர் சொல்லப்படவில்லை.

கூட்டுப் பேரம் என்றால் என்ன என்று இங்கே சொல்லிவிடுவது நல்லது. பேரம் என்ற சொல்லைக் கேட்டாலே நம்மில் பலருக்குச் சந்தைக்கடை நினைவுக்கு வருகிறது. உண்மையில் அது மிக எளிய ஒழுங்கு. ஓர் ஆசிரியை தனியாகத் தாளாளர் அறைக்குள் சென்று சம்பளம் போதவில்லை என்று சொன்னால், அது வேண்டுகோள். நாற்பது ஆசிரியர்கள் தங்களுக்குள் நால்வரைத் தேர்ந்தெடுத்து, கோரிக்கைகளை எழுதி, தாளாளரோடு உட்கார்ந்து, பள்ளியின் வரவு செலவைப் பார்த்து, இரு தரப்பும் கையெழுத்திட்டு, இன்ன தேதி வரை இது செல்லும் என்று எழுதி வைத்தால், அது கூட்டுப் பேரம். சம்பளம் மட்டும் அல்ல. எத்தனை பாடவேளை, மகப்பேறு விடுப்பு, மே மாதச் சம்பளம், பணி ஓய்வின்போது என்ன கிடைக்கும், ஒருவர்மீது புகார் வந்தால் யார் விசாரிப்பது என எல்லாமே அந்தத் தாளில் வரும். நிர்வாகத்திற்கும் இதனால் நன்மை உண்டு. முகதாட்சணியத்தால் ஒருவருக்கு ஒரு சம்பளம், வேறொருவருக்கு வேறொரு சம்பளம் என்ற முணுமுணுப்பு இருக்காது.

1966 அக்டோபர் 5ஆம் நாள் அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பும் யுனெஸ்கோவும் இணைந்து ஆசிரியர்களின் நிலை குறித்த பரிந்துரையை வெளியிட்டன. ஆசிரியரின் சம்பளமும் பணி நிலைகளும் ஆசிரியர் அமைப்புகளுக்கும் அவர்களை வேலைக்கு அமர்த்துவோருக்கும் இடையே நடக்கும் பேச்சுவார்த்தை வழியே முடிவு செய்யப்பட வேண்டும் என்று அது கூறுகிறது. உலக ஆசிரியர் நாளை அக்டோபர் 5இல் கொண்டாடுவதும் அதனால்தான். நாம் செப்டம்பர் 5இல் பூங்கொத்து கொடுத்து முடித்துவிடுகிறோம்.

நம் நாட்டில் சங்கம் அமைப்பது அரசியலமைப்பின் 19ஆம் பிரிவு தரும் உரிமை. ஆனால் அந்த உரிமைக்குள் கூட்டுப் பேரத்திற்கான உத்தரவாதம் அடங்கவில்லை என்று உச்ச நீதிமன்றம் 1961இலேயே கூறிவிட்டது. வேலைநிறுத்தம் பற்றியோ 2003இல் இன்னும் கடுமையாகச் சொன்னது. அந்த ஆண்டு ஜூலையில் ஓய்வூதியச் சலுகைகள் குறைக்கப்பட்டதை எதிர்த்துத் தமிழக அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் வேலைநிறுத்தம் செய்ததும், ஏறத்தாழ 1 லட்சத்து 70 ஆயிரம் பேர் ஒரே வீச்சில் பணிநீக்கம் செய்யப்பட்டதும் நம்மில் பலருக்கு நினைவிருக்கும். வழக்கை விசாரித்த உச்ச நீதிமன்றம், அரசு ஊழியருக்கு வேலைநிறுத்தம் செய்ய அடிப்படை உரிமையும் இல்லை, சட்ட உரிமையும் இல்லை, தார்மீக உரிமையும் இல்லை என்றது. பெரும்பாலோர் நிபந்தனையற்ற மன்னிப்புக் கடிதம் எழுதிக்கொடுத்துத்தான் பணிக்குத் திரும்ப முடிந்தது.

தார்மீக உரிமையும் இல்லை என்ற அந்தக் கடைசி வார்த்தையில் திருச்சபையின் போதனை நீதிமன்றத்தோடு உடன்படவில்லை. 1891ஆம் ஆண்டு மே 15ஆம் நாள் திருத்தந்தை 13ஆம் லியோ (நம் பெரியவர்கள் சிங்கராயர் என்பார்கள்) வெளியிட்ட சுற்றுமடல், தொழிலாளர் சங்கம் அமைப்பதை மனிதனின் இயல்பான உரிமை என்றது. அரசு தரும் சலுகை என்று சொல்லவில்லை. 1981இல் திருத்தந்தை 2ஆம் ஜான் பால், மனித உழைப்பைப் பற்றிய தம் சுற்றுமடலில் வேலைநிறுத்தம் உரிய எல்லைகளுக்குள் நியாயமானது என்றார். அதே இடத்தில் எச்சரிக்கையும் தந்தார்: அது கடைசி வழி, அரசியல் விளையாட்டிற்கு அதைப் பயன்படுத்தக் கூடாது, மக்களுக்கு இன்றியமையாத சேவைகள் நின்றுவிடக் கூடாது. தேர்வு நெருங்கும் வேளையில் வகுப்பறை பூட்டப்பட்டால் டியூஷனுக்கு வழியுள்ள பிள்ளை தப்பித்துக்கொள்ளும். கூலிக்காரர் வீட்டுப் பிள்ளைதான் தவிக்கும். இதை ஆசிரியர் சங்கங்கள் மறக்கக் கூடாது. ஆனால் மேசையில் உட்கார்ந்து பேச வழியே இல்லாத இடத்தில்தான் கடைசி வழி முதல் வழியாகிறது என்பதையும் நாம் ஒப்புக்கொள்ள வேண்டும்.

சரி, இதெல்லாம் அரசுக்கும் ஆசிரியருக்கும் உள்ள விவகாரம் என்று நாம் ஒதுங்க முடியுமா? முடியாது. அரசு உதவி பெறும் நம் பள்ளிகளில் அனுமதிக்கப்பட்ட பணியிடங்களுக்கு அரசே சம்பளம் தருகிறது. அதே வளாகத்தில், அதே கெபியைத் தாண்டிச் செல்லும் சுயநிதிப் பிரிவு ஆசிரியைக்குச் சம்பளம் தருவது நிர்வாகம். ஒரே பாடம், ஒரே படிப்பு, இருவேறு சம்பளம். அங்கே அவரை வேலைக்கு வைத்திருப்பவர்கள் நாம்தாம்.

சிறுபான்மை நிறுவனங்களுக்கு அரசியலமைப்பின் 30ஆம் பிரிவு தரும் உரிமையை நாம் அரும்பாடுபட்டுக் காத்து வருகிறோம். அது தேவையானதே. ஆனால் அதையே ஆசிரியருக்கு எதிரான கேடயமாக்க முடியுமா என்ற கேள்வி 1986இல் டெல்லியின் பிராங்க் அந்தோணி பப்ளிக் பள்ளி வழக்கில் எழுந்தது. வழக்குத் தொடுத்தது அப்பள்ளியின் ஊழியர் சங்கம். மற்ற தனியார் பள்ளிகளுக்குப் பொருந்திய சம்பள விதி, அரசு உதவி பெறாத சிறுபான்மைப் பள்ளிகளுக்கு மட்டும் பொருந்தாது என்று டெல்லிச் சட்டம் விலக்கு அளித்திருந்தது. அந்த விலக்கு செல்லாது என்றது உச்ச நீதிமன்றம். ஆசிரியருக்கு நியாயமான சம்பளம் கொடுப்பதால் பள்ளியின் சிறுபான்மைத் தன்மை கெட்டுவிடாது. கல்வித்தரம் உயரத்தான் செய்யும் என்பது அதன் வாதம். எனக்கு அது சரியாகவே படுகிறது.

அமெரிக்காவில் இதற்கு நேர்மாறான ஒன்று நடந்தது. 1979இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சிகாகோ ஆயர் தொடர்பான வழக்கில், திருச்சபை நடத்தும் பள்ளிகளின் ஆசிரியர்கள்மீது தேசியத் தொழிலாளர் உறவு வாரியத்திற்கு அதிகாரம் இல்லை என்று 5க்கு 4 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. சட்டம் விலகிக்கொண்டது. ஆனால் 1986இல் அமெரிக்க ஆயர்கள் தங்கள் பொருளாதார மடலில், திருச்சபை நிறுவனங்கள் அனைத்தும் தம் பணியாளர்களின் கூட்டுப் பேர உரிமையை முழுமையாக ஏற்க வேண்டும் என்று தாங்களாகவே எழுதினார்கள். எல்லா மறைமாவட்டங்களும் அப்படி நடந்துகொண்டன என்று சொல்வதற்கில்லை. ஆயினும் பிலடெல்பியா உயர்மறைமாவட்டத்தின் உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்கள் பல பத்தாண்டுகளாகச் சங்கமாகவே ஒப்பந்தம் பேசி வருகிறார்கள். 2011 செப்டம்பரில் அவர்கள் வேலைநிறுத்தம்கூடச் செய்தார்கள். பிறகு ஒப்பந்தம் கையெழுத்தாகிப் பள்ளிகள் தொடர்ந்து நடந்தன.

நம்மூரில் சங்கம் இல்லாத ஆசிரியைக்கு என்ன ஆகிறது என்பதற்குப் பணிக்கொடை ஒன்றே போதும். 1972ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டம் 1997 ஏப்ரல் 3 முதல் பத்துப் பேருக்குக் குறையாமல் பணியாற்றும் கல்வி நிறுவனங்களுக்கும் பொருந்தும் என அறிவிக்கப்பட்டது. 2004இல் உச்ச நீதிமன்றம், ஆசிரியர் அச்சட்டத்தின் 'ஊழியர்' அல்லர் என்றது. மீண்டும் அதே கதை! 2009இல் நாடாளுமன்றம் திருத்தம் கொண்டுவந்து, 1997 முதலே அவர்களுக்கு உரிமை உண்டு என்றது. தனியார் பள்ளிகளின் கூட்டமைப்பு அதையும் எதிர்த்து வழக்காடியது. 2022 ஆகஸ்ட் 29ஆம் நாள் உச்ச நீதிமன்றம் திருத்தம் செல்லும் என்று கூறி, ஆறு வாரங்களுக்குள் வட்டியுடன் கொடுக்க உத்தரவிட்டது. 2025 நவம்பருக்குப் பின் இந்த உரிமை சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் உள்ளது.

கணக்கு எளிது. கடைசியாக வாங்கிய மாதச் சம்பளத்தை 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, பணி செய்த ஆண்டுகளால் பெருக்க வேண்டும். 13,000 ரூபாய் வாங்கி 20 ஆண்டுகள் உழைத்த ஆசிரியைக்கு ஆண்டுக்கு 7,500 வீதம் 1,50,000 ரூபாய் வரும். ஓய்வு பெறும் நாளில் அவருக்குப் பொன்னாடையும் திருப்பலியும் விருந்தும் தரப்படுகின்றன. இந்தத் தொகையும் தரப்பட்டதா என்று நம் பங்கைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரிடம் கேட்டுப் பாருங்கள். தரப்படவில்லை என்றால், பள்ளிக் கணக்கை அடுத்த முறை பங்குப்பேரவையில் வாசிக்கும்போது அந்த ஒரு வரியைப் பற்றிக் கேட்கலாம்.