ஒரிஜினல் ஓலை எங்கே?

எங்கள் திருநாவலூர்க்காரர் ஒருவரின் கல்யாணம், ஒரே ஒரு ஓலையால் நின்றுபோனது உங்களுக்குத் தெரிந்திருக்கும். சுந்தரர்தான்! மணப்பந்தலில் ஒரு கிழவர் 'நீ எனக்கு அடிமை' என்று ஓலையை நீட்ட, இவர் பிடுங்கிக் கிழித்துப் போட்டார். கிழவர் அசரவில்லை. 'கிழிச்சது நகல்தான்' என்று மூல ஓலையைத் திருவெண்ணெய்நல்லூர் சபையில் காட்டி கேஸை ஜெயித்துவிட்டார்.

அதே ஊரில் இருக்கும் என் சித்தி பையனிடம் மூல ஓலையும் இல்லை, நகலும் இல்லை. மதர்போர்டு போச்சு!

பையன் ஃப்ளெக்ஸ் பேனர் டிசைன் செய்கிறவன். சென்னையில் ஒரு கடையில், "பில் வேணாம்னா சல்லிசா தர்றேன் தம்பி" என்றதும் மூவாயிரம் ரூபாய்க்கு ஒரு மதர்போர்டு வாங்கிவிட்டான். பளபளா டப்பா, கேள்விப்படாத பெயர். நாலாவது மாசம், முகூர்த்த சீசன் நடுவில், ஸ்கிரீன் இருண்டது. பேனருக்கு அட்வான்ஸ் கொடுத்தவர்கள் வீட்டு வாசலில். பஸ் பிடித்து சென்னைக்கு ஓடினால், "இது நம்ம கடை சரக்கே இல்லையே!" என்று கைவிரித்துவிட்டார் கடைக்காரர்.

"அண்ணே, இந்தத் தடவை நீங்களும் வாங்க" என்றான். ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போனோம்.

பையன் வாங்கியிருந்தது ஹெச்61 போர்டு. அந்த சிப்செட் 2011-ல் வந்தது. பழைய போர்டுகளிலிருந்து சிப்பைப் பெயர்த்து, புது அட்டையில் பற்றவைத்து விற்கிற வியாபாரம் ஒன்று உண்டு. டப்பாதான் புதுசு, உள்ளே இருப்பவர் ரிடயர்டு ஆசாமி!

சரி, எதைப் பார்த்து வாங்குவது? முதலில் கெப்பாசிட்டர். குட்டி டிரம் மாதிரி வரிசையாக நிற்குமே, அதுதான். ஏறக்குறைய 1999 முதல் 2007 வரை உலகம் பூராவும் இதுகள் மண்டை வீங்கி, ஒழுகி, போர்டுகளைச் சாகடித்தன. உள்ளே இருந்த திரவக் கலவை சரியில்லை. இந்தத் தலைவலிக்காக 2005-ல் டெல் கம்பெனியே 30 கோடி டாலர் செலவுக்கணக்கு எழுத வேண்டியிருந்தது! இப்போது நல்ல போர்டுகளில் திட பாலிமர் வகை போடுகிறார்கள். மண்டையில் கீறல் கோடு இல்லாமல் மொழுக்கென்று இருக்கும்.

அடுத்து, பிராசஸர் பக்கத்தில் இருக்கும் வி.ஆர்.எம். 12 வோல்ட்டை ஒன்றேகால் வோல்ட் வாக்கில் குறைத்து பிராசஸருக்கு ஊட்டுகிற பகுதி. கொதிக்கும். மலிவு போர்டில் இது மொட்டையாக இருக்கும். கத்திரி வெயிலில், ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கடியில் நாள் பூராவும் ஓடுகிற மெஷின் என்றால், அதன் மேல் அலுமினியத் தகடு இருக்கிற போர்டாகப் பார்ப்பது உத்தமம். கலர் கலரா எரிகிற லைட்டுக்குக் கொடுக்கிற காசை இதற்குக் கொடுக்கலாம்.

நாங்கள் எடுத்தது பி450 போர்டு, ரைசன் 5600ஜி பிராசஸர். போர்டு 2018 ரகம், பிராசஸர் 2021 ரகம். பயாஸைப் புதுப்பிக்காவிட்டால் மூத்தவருக்கு இளையவர் யாரென்றே தெரியாது! கடையிலேயே புதுப்பித்து, ஸ்கிரீனில் படம் வந்ததைப் பார்த்த பிறகுதான் பணத்தை எண்ணினோம். மூன்று வருட வாரண்டி. சீரியல் நம்பரை பில்லில் எழுதச் சொன்னேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பார்க்கட்டுமே!

ஊருக்கு வந்தால் இன்னொரு கூத்து. பழைய கேபினெட்டைத் தொட்டால் 'சுர்'ரென்கிறது. பிளக்கின் மூன்றாவது கம்பியை எவரோ உடைத்திருக்கிறார்கள். எர்த்தே கிடையாது! எஸ்.எம்.பி.எஸ்.ஸும் ஏதோ எடைக்குப் போடுகிற சரக்கு. செத்துப்போன போர்டை மட்டும் திட்டிக்கொண்டிருந்தோமே என்றிருந்தது. எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் போட்டு, எஸ்.எம்.பி.எஸ்.ஸையும் மாற்றிய பிறகுதான் புது போர்டை உள்ளே வைத்தோம்.

மறுநாள் சித்தி பில்லும் கையுமாகக் கிளம்பினார். "எங்க சித்தி?"

"லேமினேஷன் போடத்தான்டா. அழியாம இருக்கும்ல?"

பதறிப்போய்ப் பிடுங்கினேன். அது தெர்மல் பேப்பர். லேமினேஷன் சூடு பட்டால் மொத்தமும் கறுத்துவிடும். சும்மா வைத்தாலும் எழுத்து மங்கிவிடும். இரண்டு ஜெராக்ஸ் எடுத்து, ஒன்றை ரேஷன் கார்டோடு பீரோவில் வைத்தாயிற்று. இன்னொன்று என்னிடம்.