கேரியருக்கு இடம் வைக்காத சைக்கிள்

கல்பாக்கத்தை ஒட்டிய புதுப்பட்டினத்தில் குப்பங்களிலிருந்து தெருக்களுக்கு வரும் மீன்கூடையும், கடைவீதியிலிருந்து வீடு திரும்பும் காய்கறிப் பையும், பள்ளிப் பிள்ளைகளின் புத்தகச் சுமையும் நெடுங்காலம் சைக்கிளின் பின்சக்கரத்துக்கு மேலுள்ள கேரியரை நம்பியே போய்வந்தன. 1949இல் தொடங்கப்பட்டு அம்பத்தூரில் ஆலை நிறுவிய டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனத்தின் ஹெர்குலிஸ் முதலான பழைய கறுப்பு சைக்கிள்களில் கேரியர் வண்டியின் உறுப்பாகவே கருதப்பட்டது. பின்சக்கரத்தின் அச்சு இருபுறமும் வேண்டிய அளவுக்கு நீட்டி விடப்பட்டிருந்ததால், ஸ்டாண்டு, மட்கார்டுக் கம்பி, கேரியர்க் கால் ஆகிய மூன்றையும் அந்த அச்சிலேயே கோத்து நட்டால் இறுக்க முடிந்தது. சுமையின் எடை கேரியர்க் கால்கள் வழியாக நேரே அச்சில் இறங்கி, அங்கிருந்து சக்கரத்துக்கும் சாலைக்கும் சென்றது. சைக்கிளின் சட்டகம் அதில் மிகச் சிறிய பங்கையே தாங்க வேண்டியிருந்தது.

இன்று கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஓடும் கியர் சைக்கிள்களில் பலவற்றுக்கு இந்த ஏற்பாடு இல்லை. சுமை ஏற்றும் வண்டிகளின் சட்டகத்தில், பின் அச்சு அமரும் பிளவுக்கு அருகில் இரண்டும் இருக்கைக்குக் கீழே இரண்டுமாக, 5 மில்லிமீட்டர் போல்ட்டு ஏறும் மரையிட்ட கண்துளைகள் விடப்பட்டிருக்கும். விளையாட்டு வண்டி என்ற தோற்றத்துக்காகக் கியர் சைக்கிள்களில் இத்துளைகளையும் தவிர்ப்பது, வாங்குபவர் அதை அன்றாட வேலைக்கும் பயன்படுத்துவார் என்பதை மறந்த வடிவமைப்பு என்றே சொல்ல வேண்டும். துளை இல்லாத வண்டியிலும் கேரியர் பொருத்தலாம். ஆனால் எந்த முறையைத் தேர்ந்தாலும், சுமையின் எடை எந்த வழியாகச் சக்கர அச்சைச் சென்றடையும் என்ற கேள்விக்கு முதலில் விடை காண வேண்டும்.

கடையில் எளிதாகக் கிடைப்பதும் நிமிடங்களில் பொருத்தக்கூடியதுமான கேரியர், இருக்கையைத் தாங்கும் சீட் போஸ்ட் குழாயை மட்டும் பற்றிக்கொண்டு பின்னால் நீண்டிருக்கும். அதற்குக் கால்கள் இல்லை. அக்குழாயிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி 10 கிலோ சுமையை வைத்தால், பிடிப்பின்மீது ஏறத்தாழ 30 நியூட்டன் மீட்டர் திருப்புத்திறன், அதாவது அந்தப் பிடியை முறுக்கி வளைக்க முயலும் விளைவின் அளவு, ஓயாமல் செயல்படுகிறது. வேகத்தடையிலோ பள்ளத்திலோ சக்கரம் எகிறி விழும் கணத்தில் இது பல மடங்காகும். ஆகவே இவ்வகைக் கேரியரை மழைச்சட்டை, மதியச் சாப்பாடு போன்ற இலேசான பொருள்களுக்கு மட்டும் பயன்படுத்துவதே தகும். சீட் போஸ்ட் கார்பன் இழையால் ஆனதாக இருந்தால் இதைப் பொருத்தவே கூடாது.

சுமையைச் சக்கரங்களின்மீது சரியாக இறக்கிவிட்டால் சைக்கிள் எவ்வளவு தாங்கும் என்பதற்கு வியட்நாம் சான்று தருகிறது. 1954இல் தியென் பியென் பூ போரின்போது, மலைப்பாதைகளில் அரிசியும் வெடிபொருளும் கொண்டுசென்றவர்கள் மூங்கில் கழிகளால் சட்டகத்தை வலுப்படுத்தி, ஹேண்டில்பாருடன் நீண்ட கழியைக் கட்டி, மூட்டைகளை இரு சக்கரங்களுக்கும் இடையில் தாழ்வாகத் தொங்கவிட்டு, வண்டியில் ஏறாமல் தள்ளியே நடந்தனர். சாதாரண சைக்கிள்கள் 200 கிலோவுக்கு மேலும் சுமந்தன.

அந்த அளவு சுமை அன்றாடத் தேவைக்கு வேண்டாம் என்றாலும், கால்கள் உள்ள கேரியரே சிறந்தது. பின்சக்கரம் நட்டால் இறுக்கப்பட்டிருக்குமானால், பழைய முறைப்படி கேரியர்க் கால்களை அச்சிலேயே கோக்கலாம். நட்டு முழுதாக மரையில் ஏறும் அளவுக்கு அச்சின் முனை எஞ்சியிருக்க வேண்டும், எஞ்சாவிட்டால் நீளமான அச்சாக மாற்றிக்கொள்ள வேண்டும். நெம்புகோல் பிடியால் கழற்றும் சக்கரங்களுக்குக் கேரியர் தாங்கும் வகையிலான மாற்று அச்சுக் கம்பிகள் விற்கப்படுகின்றன. மூன்றாவது வழி, உள்ளே ரப்பர் பூசிய வளையக் கிளிப்பை அச்சுக்குச் சற்று மேலே, இருக்கையை நோக்கி ஏறும் மெல்லிய குழாயில் மாட்டுவது. இது உராய்வை மட்டுமே நம்பி நிற்பதால், குழாயின் விட்டத்துக்குச் சரியாகப் பொருந்தும் கிளிப்பாக இருக்க வேண்டும். வழுக்கிக் கீழிறங்குகிறதா என்று அறிய அதன் விளிம்பில் மையால் கோடு ஒன்றை இட்டுவைப்பது நல்லது. கேரியரின் மேல்முனைகளுக்கோ, இருக்கைக் குழாயை இறுக்கும் வளையத்தை எடுத்துவிட்டு, இரண்டு கண்துளைகள் கொண்ட வளையத்தைப் போடுவதே போதும். எடையைக் கால்கள் தாங்க, மேல்பிடிப்பு பக்கவாட்டு ஆட்டத்தைத் தடுக்கிறது.

இடப்புறத்தில் டிஸ்க் பிரேக் இருந்தால் கேரியர்க் கால் அதில் இடிக்கும். இடைவெளிக்காக நீண்ட போல்ட்டில் குழாய்த் துண்டுகளைக் கோத்துக் காலை வெளியே தள்ளுவது பரவலான வழக்கம். ஆனால் சட்டகத்திலிருந்து கால் எவ்வளவு விலகுகிறதோ அவ்வளவுக்குப் போல்ட்டு வளைந்து ஒடியும் வாய்ப்பு மிகும். டிஸ்க் பிரேக்குக்கென்றே கால் வளைத்துச் செய்த கேரியரை வாங்குவதே பாதுகாப்பானது. சட்டகத்தில் புதிதாகத் துளையிடுவதும், பட்டறையில் கொடுத்து வெல்டிங் செய்வதும் அலுமினியச் சட்டகத்துக்குப் பெருங்கேடு, ஏனெனில் வெப்பத்தால் பதப்படுத்தி உறுதியேற்றிய அந்த உலோகம் வெல்டிங்கின் சூட்டில் தன் வலிமையில் பெரும்பகுதியை இழந்துவிடுகிறது.

சுமையின் மையம் பின் அச்சுக்கு நேர் மேலோ சற்று முன்னோ அமைய வேண்டும். அச்சைத் தாண்டிப் பின்னால் போனால் முன்சக்கரத்தின் பிடி தளர்ந்து ஹேண்டில்பார் அலையும். கடற்கரைச் சாலையில் பக்கக்காற்று வீசும்போது அது மேலும் மோசமாகும். மிகவும் முன்னே வந்தாலோ மிதிக்கும் குதிகால் பையில் இடிக்கும். குட்டையான பின்பகுதி கொண்ட கியர் சைக்கிள்களில் இவ்விரண்டுக்கும் நடுவிலுள்ள இடம் மிகக் குறுகலானது என்பதால், போல்ட்டுகளை இறுக்குவதற்கு முன்பே பையை வைத்து மிதித்துப் பார்ப்பது அவசியம்.

புதுப்பட்டினம் போன்ற ஊர்களில் உப்புக் காற்று தனிச் சிக்கல். எஃகு போல்ட்டும் அலுமினியமும் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் உப்பு ஈரம் படிந்தால் மின்வேதி அரிப்பு நிகழ்ந்து, அலுமினியம் வெண்பொடியாக உதிர, போல்ட்டு மரையோடு இறுகிப் பிடித்துக்கொள்ளும். எவர்சில்வர் போல்ட்டு துருவைத் தாமதப்படுத்தும், இந்த அரிப்பைத் தடுக்காது. மரையில் கிரீஸ் தடவியே பொருத்த வேண்டும். அதிர்வில் நட்டுகள் தளராதிருக்க உள்ளே நைலான் வளையம் உள்ள நட்டு உதவும் என்றாலும், புதிதாகப் பொருத்திய கேரியரைச் சில நாள் ஓட்டியபின் மீண்டும் ஒருமுறை இறுக்கிப் பார்க்க வேண்டும்.

இவ்வாறு பொருத்திய கேரியரில் பிள்ளையை உட்கார வைப்பதை மட்டும் எந்த நிலையிலும் ஏற்க முடியாது. பல கேரியர்களில் பொறித்திருக்கும் 25 கிலோ என்ற எல்லை அசையாமல் கட்டிய சுமைக்கு உரியது. பிள்ளையோ அசையும், சாயும், காலைத் தொங்கவிடும். அந்தக் கால் சுழலும் ஸ்போக்ஸ் கம்பிகளுக்குள் சிக்கிக் குதிகால் கிழிபடுவது எலும்பு மருத்துவர்கள் நன்கறிந்த காயம். பிள்ளையை ஏற்றிச் செல்ல வேண்டுமென்றால், கால்களுக்கு மறைப்பும் வார்ப்பட்டையும் உள்ள தனி இருக்கையும், அதைத் தாங்குமென்று தயாரிப்பாளரே எழுதித்தந்த சட்டகமும் வேண்டும்.