கணிப்பொறி கண்விழிக்க ஏன் தாமதம்?

உங்கள் பழைய கணிப்பொறியின் பொத்தானை அழுத்திவிட்டு நெடுநேரம் காத்திருக்கிறீர்களா? குற்றம் பெரும்பாலும் அதன் ‘மூளை’யிடம் இல்லை, ‘ஹார்டு டிஸ்க்’ எனப்படும் சுழலும் வன்தட்டிடமே உள்ளது.

நிமிடத்திற்கு 5400 முறை சுழலும் தட்டு, ஒரு சுற்றுக்கு 11 மில்லிவினாடி எடுத்துக்கொள்கிறது. வேண்டிய தகவல் படிமுனையின் கீழ் வந்துசேரச் சராசரியாக அரைச் சுற்று ஆகும். படிமுனை நகர மேலும் சுமார் 10 மில்லிவினாடி. ஆக, ஒரு துண்டுத் தகவலுக்கு ஏறத்தாழ 15 மில்லிவினாடி. சிதறிக் கிடக்கும் 3000 துண்டுகளைப் படிக்க நேர்ந்தால் 45 வினாடி ஓடிவிடும்!

எனவே, தாமாகவே தொடங்கும் தேவையற்ற நிரல்களை முதலில் நிறுத்துங்கள். பின்னும் தாமதமெனில், கோப்புகளைப் படியெடுத்து வைத்துக்கொண்டு, சுழலும் பகுதியே இல்லாத எஸ்.எஸ்.டி. நினைவகத்தைப் பொருத்துங்கள். அதில் ஒரு துண்டை எட்ட 0.1 மில்லிவினாடி போதும். புதிய கணிப்பொறி வாங்குமுன் இதைச் செய்து பாருங்கள்.