இணையவழி ஒளிப்படப் பகிர்வும் ஊர் நூலகங்களும்: சிவகிரி வட்டாரத்தை முன்வைத்து

முன்னுரை

நூல் பூட்டி வைப்பதற்கு உரியதன்று. பயன்படுவதற்கு உரியது என்னும் கருத்தே நூலகவியல் அறிஞர் சீ. இரா. அரங்கநாதன் 1931இல் வெளியிட்ட ஐந்து விதிகளுள் முதலாவதாக அமைகிறது. இவ்விதி ஒளிப்படங்களுக்கும் பொருந்தும். ஆயின், நூலுக்குத் தலைப்பும் ஆசிரியர் பெயரும் அதனுள்ளேயே அமைந்திருக்கின்றன. ஒளிப்படத்திற்கோ அவை பெரும்பாலும் இல்லை. எடுக்கப்பட்ட இடம், காலம், படத்திலுள்ளோர் ஆகிய விவரங்களை அறிந்தோர் மறைந்தபின், படம் எஞ்சினாலும் சான்று எஞ்சுவதில்லை. இணையவழிப் பகிர்வுக் கருவிகள் இவ்விவரங்களைத் திரட்டும் வாயிலாகப் பயன்படும் முறையையும், அதற்குரிய எச்சரிக்கைகளையும் தென்காசி மாவட்டம் சிவகிரி வட்டாரத்தை முன்வைத்து இக்கட்டுரை விளக்குகிறது.

பொதுமக்கள் அறிவின் பங்கு

2004இல் தொடங்கப்பெற்ற ஃபிளிக்கர் தளத்தில், அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 2008 சனவரியில் ஏறத்தாழ 3,000 ஒளிப்படங்களைப் பதிவேற்றியது. ‘பொதுவகம்’ எனப் பொருள்படும் திட்டமாக இது பின்னர் வளர்ந்து, பல நாட்டு நூலகங்களையும் அருங்காட்சியகங்களையும் ஈர்த்தது. அவ்வாண்டு அக்டோபருக்குள் பார்வையாளர்கள் 67,176 குறிச்சொற்களையும் 7,166 கருத்துரைகளையும் சேர்த்திருந்தனர். இவற்றைச் சரிபார்த்த நூலகம், தன் அட்டவணையில் 500க்கும் மேற்பட்ட பதிவுகளைத் திருத்திச் செம்மைப்படுத்தியது. பார்வையாளர் கூறியது அப்படியே ஏற்கப்படவில்லை; நூலகர் ஆராய்ந்த பின்னரே அது அட்டவணையில் இடம்பெற்றது. இவ்வொழுங்கே அத்திட்டத்தின் வெற்றிக்கு அடிப்படையாகும்.

தமிழ்ச் சூழலிலும் இத்துறையில் முன்முயற்சிகள் உள்ளன. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரித்தானிய நூலகத்தின் அழிநிலை ஆவணத் திட்டத்தின் ஆதரவுடன், தமிழகப் படப்பிடிப்பு நிலையங்களில் எடுக்கப்பெற்ற பழம்படங்களை எண்ணிமப்படுத்தியுள்ளது. இலங்கையில் 2005இல் தொடங்கிய நூலகத் திட்டம் தன்னார்வலர் உழைப்பால் வளர்ந்து, நூல்களுடன் ஒளிப்படங்களையும் திறந்த அணுக்கத்தில் வழங்கி வருகிறது.

இடப்பெயர்ச் சிக்கல்

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்த சிவகிரி, முன்பு பாளையமாகவும் பின்னர் சமீனாகவும் விளங்கிய ஊர். ‘சிவகிரி’ என்ற குறிச்சொல்லை மட்டும் இட்டு ஒரு படத்தைப் பகிர்ந்தால், அது ஈரோடு மாவட்டத்துச் சிவகிரியோடும், நாராயண குருவின் சமாதி அமைந்துள்ள கேரளத்து வர்க்கலைச் சிவகிரியோடும் கலந்துவிடும். ஆகவே ஊர்ப்பெயருடன் வட்டம், மாவட்டம், மாநிலம் ஆகியவற்றையும் புவிஆயத்தொலைவுகளையும் தருதல் இன்றியமையாதது.

மாவட்ட எல்லை மாற்றமும் கருதத்தக்கது. தென்காசி மாவட்டம் 2019 நவம்பர் 22 அன்று திருநெல்வேலி மாவட்டத்திலிருந்து பிரிந்து செயற்படத் தொடங்கியது. அதற்கு முன் எழுதப்பட்ட படக்குறிப்புகளில் திருநெல்வேலி என்றே இருக்கும். அப்பழைய குறிப்பை அழிக்காமல், இற்றைப் பெயரைத் தனியே சேர்ப்பதே முறையாகும். குற்றாலம் போன்ற ஊர்ப்பெயர்கள் ஆங்கிலத்தில் பலவாறு எழுதப்பட்டுள்ளமையால், அவ்வடிவங்களையும் குறிச்சொற்களாக இடுதல் தேடுவோருக்கு உதவும்.

காலக் கணிப்பு

ஊரறிவு காலத்தையும் உறுதிசெய்யவல்லது. தென்காசி காசி விசுவநாதர் கோயிலின் இராசகோபுரம் 1924இல் பெருஞ்சேதமுற்று, 1990இல் மீளக் கட்டி முடிக்கப்பட்டது. எனவே, ஒரு குடும்பப் படத்தின் பின்புலத்தில் கோபுரம் சிதைந்த நிலையில் தெரிந்தால், அப்படம் இவ்விரு ஆண்டுகளுக்கும் இடைப்பட்டதாகும். கோபுரம் முழுமையாகத் தோன்றின், படம் சேதத்திற்கு முற்பட்டதா புதுக்கட்டுமானத்திற்குப் பிற்பட்டதா என்பதை உடை, ஊர்தி, அச்சுத்தாள் முதலியவற்றால் துணியலாம். வெளியூர் ஆய்வாளர் தவறவிடக்கூடிய இத்தகைய குறிப்பை உள்ளூர் முதியவர் ஒரே பார்வையில் கூறிவிடுவார். படத்தை அவர் கண்முன் கொண்டுசேர்ப்பதே பகிர்வுக் கருவியின் தலையாய பணி.

உரிமையும் இசைவும்

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957, கட்டணம் பெற்று எடுக்கப்படும் ஒளிப்படத்தின் முதல் உரிமையாளர், வேறு உடன்பாடு இல்லாதவிடத்து, அதனை எடுக்கச் செய்தவரே என்கிறது. எனவே படப்பிடிப்பு நிலையத்தில் எடுத்த குடும்பப் படத்திற்கு அக்குடும்பத்தாரின் இசைவு முதன்மையானது. 2012ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின் ஒளிப்படத்தின் பாதுகாப்புக் காலம் படைத்தவரின் வாழ்நாளும் அதன்பின் 60 ஆண்டுகளும் ஆகும். எவரும் மறுபயன்பாடு செய்ய இசையும் உரிமம் இருந்தாலன்றி விக்கிமீடியா பொதுவகத்தில் பதிவேற்றல் ஆகாது. சட்டம் இடங்கொடுப்பினும், உயிருடன் உள்ளோர், சிறார், துயர நிகழ்வுகள் ஆகியவை குறித்த படங்களில் உரியவரின் விருப்பத்தை மதித்தல் நூலக அறமாகும்.

தளங்களின் நிலையாமை

கூகுளின் பனோரமியோ தளம் 2016இல் மூடப்பட்டது. ஃபிளிக்கர் 2019 முதல் கட்டணமிலாக் கணக்குகளுக்கு 1,000 படங்கள் என வரம்பு விதித்தது. 2023 அக்டோபரில் நிகழ்ந்த இணையத் தாக்குதலால் பிரித்தானிய நூலகத்தின் இணையச் சேவைகள் பல மாதங்கள் முடங்கின. முகநூல் போன்ற சமூக ஊடகங்கள் படத்தின் அளவைக் குறைப்பதோடு, கோப்பினுள் பதிந்த தரவுகளில் பலவற்றை நீக்கியும் விடுகின்றன. ஆதலின் எத்தளமும் காப்பகம் ஆகாது.

கிளை நூலகமோ தொண்டு நிறுவனமோ பின்வரும் ஒழுங்கைப் பின்பற்றலாம். ஒவ்வொரு படத்திற்கும் வரிசை எண் இட்டு, படத்தின் முன்பக்கத்தையும் எழுத்துள்ள பின்பக்கத்தையும் வருடுதல் வேண்டும். முதன்மைக் கோப்பை வெவ்வேறிடங்களில் உள்ள இரு வன்தட்டுகளில் பேணி, சிறிய படியை மட்டும் பகிர்தல் வேண்டும். வழங்கியவர், இசைவு, இடம், காலம் ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுதி, இணையவழி வரும் புதுத் தகவலைக் கூறியவர் பெயரோடும் நாளோடும் அதே வரிசை எண்ணின்கீழ்ச் சேர்த்தல் வேண்டும். இணையம் அறியா முதியோருக்காகப் படங்களின் அச்சுப்படிகளை வாசிப்பறையில் காட்சிக்கு வைத்து, அவர்கள் கூறுவதையும் அப்பதிவேட்டில் எழுதலாம்.

முடிவுரை

ஒளிப்படப் பகிர்வு வெறும் விளம்பர உத்தியன்று. விவரம் இழந்த படத்திற்கு அதனை மீட்டுத் தரும் வினாமுறை. பதிவேற்றிய படங்களின் எண்ணிக்கையைக் காட்டிலும், இடமும் காலமும் ஆளும் உறுதிசெய்யப்பட்ட பதிவுகளின் எண்ணிக்கையே இப்பணியின் அளவுகோல். விடை கூறவல்ல தலைமுறை குறைந்துவரும் நிலையில், சிவகிரி போன்ற சிற்றூர்களின் நூலகங்கள் இதனைக் காலந்தாழ்த்தாது மேற்கொள்ளுதல் வேண்டும்.